தந்திப் பெட்டி பேசக் கற்ற கதை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு மணியைப் பற்றி நாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட ஆபீசின் முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். விடியுமுன் அதை இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அந்த ஓசை லயங்கள் முழுவதையும் எழுப்பிவிடும். அதே மணியை நேரங்கெட்ட நேரத்தில் விடாமல் அடித்தால், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று பெரியவர்கள் வாளியோடு ஓடுவார்கள். மணி ஒன்றுதான், அடிக்கும் முறையில்தான் செய்தி இருந்தது. ஆனால், ‘உன் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் நலம்’ என்று அந்த மணியால் சொல்ல முடியுமா? அதற்கு ஓர் ஆள் வந்து வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

வானொலியின் வரலாறும் இதுதான். முதலில் அது மணியாக இருந்தது. பின்னர்தான் அதற்கு வாய் வந்தது. அந்த வாய் எப்படி வந்தது என்பதையே இன்று நாம் பார்க்கப்போகிறோம்.

முதலில் நமது தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் மின்சாரம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. டார்ச்லைட் பேட்டரி இரண்டு, ஒரு சிறு பல்பு, இரும்பு அறுக்கும் பிளேடின் ஒரு துண்டு இவற்றைக் கொண்டு மேசைமேல் ஒரு தந்திக் கருவி செய்து காட்டினோம். பிளேடைத் தட்டினால் பல்பு எரியும், விட்டால் அணையும். சிறிது நேரம் எரிந்தால் புள்ளி, அதிக நேரம் எரிந்தால் கோடு. பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “சார், இதுல பேச முடியுமா?” என்று கேட்டான். “முடியாது தம்பி, இது தந்திக்கு மட்டுந்தான்” என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். அவனும் பேசாமல் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பதில் தவறு. அதே சுற்றில் பிளேடை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பழைய தொலைபேசியின் கரித்தூள் மைக்கையும், பல்பு இருந்த இடத்தில் அதே தொலைபேசியின் காதுக்குழலையும் பூட்டியிருந்தால் அது பேசியிருக்கும். இதை நாம் பின்னர் படித்தே தெரிந்துகொண்டோம். அந்தப் பையன் கேட்ட கேள்வியைத்தான் உலகத்தின் பெரிய ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். இன்றைய பேச்சு ஒரு வகையில் அவனுக்கு நாம் பட்ட கடன்.

கதைக்கு வருவோம். 1844ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள், அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து பால்டிமோர் நகருக்குச் சாமுவேல் மோர்ஸ் கம்பி வழியாகத் தந்தி அனுப்பிக் காட்டினார். புள்ளியும் கோடுமே அதன் எழுத்துகள். 1876இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் தொலைபேசி வந்தது. கம்பி பேசத் தொடங்கியது. தந்திக்கும் தொலைபேசிக்கும் இடையே 32 ஆண்டுகள்.

கம்பி இல்லாமல் செய்தி அனுப்புவதிலும் இதே வரிசைதான். 1901 டிசம்பர் 12ஆம் நாள், இங்கிலாந்தின் போல்டு என்னும் ஊரிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகளை, அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். மூன்று புள்ளி என்றால் மோர்ஸ் முறையில் ‘எஸ்’ என்ற எழுத்து. அவ்வளவுதான், ஒரு சொல்கூட இல்லை.

அவர் ஏன் பேசவில்லை? அவருடைய கருவி மின்பொறியால் வேலை செய்தது. இதை விளங்கிக்கொள்ள லயத்துப் பைப்படிக்குப் போவோம். ஒருவர் வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு வீசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சளார், சளார் என்று விழும். வீசுவதையும் நிறுத்துவதையும் கொண்டு புள்ளி, கோடு சொல்லலாம். ஆனால் பைப்பைத் திறந்துவிட்டால் தண்ணீர் விடாமல் ஒரே சீராக ஒழுகும். அப்போது பைப்பின் திருகைச் சற்றுக் கூட்டியும் குறைத்தும் அந்த ஒழுக்கைப் பருமனாகவும் மெல்லியதாகவும் ஆக்கலாம். குரல் என்பது அப்படிக் கூடிக் குறையும் அதிர்வு. அதைச் சுமக்க விடாமல் ஒழுகும் மின்னலை வேண்டும். மின்பொறியோ வாளித் தண்ணீர். எழுந்த அலை உடனே ஓய்ந்துவிடும்.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர், கனடாவில் 1866இல் பிறந்த ரெஜினால்டு பெசெண்டன். இவர் இளவயதில் பெர்முடா தீவில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரும் அவரே, ஒரே ஆசிரியரும் அவரே! தோட்டப் பள்ளிகளை அறிந்த நமக்கு இது புதிதன்று. பின்னர் அவர் எடிசனிடம் வேலை பார்த்தார், கல்லூரிப் பேராசிரியரானார், அமெரிக்க வானிலைத் துறையில் சேர்ந்தார்.

1900 டிசம்பர் 23ஆம் நாள், போட்டோமாக் ஆற்றிலுள்ள காப் தீவில் அவர் ஒரு சோதனை செய்தார். விட்டு விட்டு வரும் பொறியை நொடிக்குச் சுமார் 10,000 முறை வரும்படி விரைவாக்கினார். வாளியை அவ்வளவு வேகமாக வீசினால் ஏறக்குறைய ஒழுக்குப் போலத்தானே இருக்கும்? ஏரியலுக்குப் போகும் வழியில் கரித்தூள் மைக்கை வைத்துப் பேசினார். ஒரு மைல் தொலைவில் இருந்த உதவியாளரிடம், அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டு, பெய்தால் தந்தியடித்துச் சொல்லும்படியும் கூறினார். இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் கேட்டது. பதில் தந்தியாக வந்தது. போன கேள்வி குரலில். வந்த பதில் புள்ளி கோடுகளில். இரண்டு காலங்கள் அன்று ஒரு மைலுக்குள் சந்தித்துக்கொண்டன.

அந்த இரைச்சலைப் போக்க உண்மையான ஒழுக்கு அலை வேண்டும். மின்சார ஜெனரேட்டரையே நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றவைத்து அந்த அலையை உண்டாக்கலாம் என்று பெசெண்டன் நினைத்தார். சுவீடனில் பிறந்த அலெக்சாண்டர்சன் என்ற பொறியாளர் அப்படி ஓர் இயந்திரத்தை அமைத்துக் கொடுத்தார். அது நொடிக்கு ஏறத்தாழ 50,000 அதிர்வுகள் கொடுத்தது. 1906 டிசம்பர் 21ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராண்ட் ராக் என்னுமிடத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிளைமவுத் நகருக்குப் பேச்சு தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னிரவில் பெசெண்டன் வயலின் வாசித்து, பாட்டும் பாடி, கடலில் இருந்த கப்பல்களுக்கு ஒலிபரப்பினார் என்று பல நூல்களில் காணலாம். அழகான கதைதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் முதல் ஆதாரம், 26 ஆண்டுகள் கழித்து, 1932இல் அவரே எழுதிய ஒரு கடிதம். அந்த இரவில் அதைக் கேட்டு எழுதிவைத்த கப்பல் குறிப்பு எதுவும் ஆராய்ச்சியாளர்கள் கையில் அகப்படவில்லை. ஆகவே டிசம்பர் 21ஐ உறுதியாகவும், 24ஐச் சற்று ஒதுக்கியும் வைப்பதே நேர்மை.

இந்த முறையில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. ஏரியலுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் மைக்கின் வழியாகவே போக வேண்டும். மைக் சூடேறிவிடும். அதைத் தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டியிருந்தது! இதற்கு வழி காட்டியது வால்வு. 1906இல் லீ டி பாரஸ்ட் மூன்று முனை வால்வைச் செய்தார். 1912, 1913ஆம் ஆண்டுகளில் ஆர்ம்ஸ்டிராங் போன்றவர்கள் அதே வால்வைக் கொண்டு ஒழுக்கு அலையையே உண்டாக்கலாம் என்று கண்டார்கள். சிறு குரலை வால்வு பெரிதாக்கிக் கொடுத்தது. மைக் சுமை தாங்கும் வேலை தீர்ந்தது.

குரலை அலைமேல் ஏற்ற ரேமண்ட் ஹைசிங் என்ற பொறியாளர் ஓர் எளிய முறை கண்டார். ஒரு வால்வு அலையை உண்டாக்கும். இன்னொரு வால்வு குரலைப் பெரிதாக்கும். இரண்டுக்கும் ஒரே கம்பிச்சுருள் வழியாக மின்சாரம் போகும். ஒரே பைப்பில் இரண்டு வீட்டுக்குத் தண்ணீர் பிரிவது போல! ஒரு வீட்டுக்காரர் அதிகம் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். அவர் குறைத்தால் இவருக்குக் கூடும். இப்படியே குரல் ஏறி இறங்க, அலையும் ஏறி இறங்கியது. முதல் உலகப் போரின்போது விமானங்களோடு பேச அமெரிக்கர் அமைத்த கருவிகளில் இந்த முறை பயன்பட்டது. தந்திக் கருவிக்குக் குரல் கொடுக்க விரும்பிய தனி மனிதர்களும் இதைக் கையாண்டார்கள்.

தனி மனிதர்கள் என்றால் யார்? சம்பளத்துக்காக அல்லாமல், ஆசைக்காக வானொலி நிலையம் அமைத்து, அரசாங்க உரிமம் பெற்று, உலகத்தோடு தொடர்புகொள்பவர்கள். இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பார்கள். அவர்களில் ஒருவர் பிராங்க் கான்ராட். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 16 வயதில் ஒரு மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். பிட்ஸ்பர்க் நகரை அடுத்து, தம் வீட்டுக் கார்க் கொட்டகையில் நிலையம் அமைத்து, 1919இல் கிராமபோன் இசைத்தட்டுகளைப் போட்டு ஒலிபரப்பினார். அக்கம்பக்கத்தார் அதை விரும்பிக் கேட்டார்கள். அந்தக் கொட்டகையின் தொடர்ச்சியாகத்தான், 1920 நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை அறிவித்துக்கொண்டு கே.டி.கே.ஏ. வானொலி நிலையம் பிறந்தது.

நம் நாட்டிலும் தொடக்கம் இப்படித்தான். 1921இல் ஜொகூர் அரசாங்கத்தின் மின் பொறியாளராக இருந்த ஏ. எல். பர்ச் என்பவர் வானொலிக் கருவியை இங்கே கொண்டுவந்தார். ஜொகூர் வானொலிச் சங்கத்தைத் தொடங்கி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பினார். ரேடியோ மலாயா தோன்றியது 1946 ஏப்ரல் முதல் நாள். எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ தாய்மார்கள் அதன் பிறகு லயத்து வாசலில் உட்கார்ந்தபடியே உலகச் செய்தி கேட்டார்கள். வானொலி மணியாகவே இருந்திருந்தால், புள்ளியும் கோடும் கற்றவருக்கு மட்டுந்தான் அது சொந்தமாகியிருக்கும்.

சரி, குரல் வந்த பிறகு தந்தி ஒழிந்துவிட்டதா? அதுதான் இல்லை. அமெச்சூர் வானொலியாளர் பலர் விரும்பியே தந்தியை வைத்துக்கொண்டார்கள். காரணம் உண்டு. மோர்ஸ் ஒலி வானில் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸ் அகலம். தெளிவான பேச்சுக்கு 2,500 ஹெர்ட்ஸ் வேண்டும். குறுகிய சந்தில் குரல் கொடுத்தால் நெடுந்தூரம் கேட்கும். அதே குரல் திடலில் கரைந்துவிடும். ஆகவே மிகச் சிறிய சக்தியில் தொலைதூரம் போகத் தந்தியே ஏற்றது. 5 வாட்டுக்கு மேற்படாத சக்தியில் தந்தி அனுப்புவதைக் ‘கியூ.ஆர்.பி.’ என்று பெயரிட்டு ஒரு கலையாகவே வளர்த்தார்கள்.

இவர்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த ஹீத் கம்பெனி, ஹீத்கிட் என்ற பெயரில் சிறு கருவிகளை விற்றது. எச்.டபிள்யூ-7 என்பது 1972இல் வந்தது, எச்.டபிள்யூ-8 என்பது 1976இல் வந்தது. இவற்றைக் கருவியாக விற்கவில்லை. உதிரிப் பாகங்களையும் ஒரு கையேட்டையும் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். வாங்கியவரே ஈயம் பற்றவைத்துச் சேர்க்க வேண்டும். கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் இருக்கும். முடித்ததும் அதில் குறியிட்டுவிட்டு அடுத்த படிக்குப் போகலாம். இதைவிட நல்ல பாடநூல் எது? எச்.டபிள்யூ-8 வானில் விடும் சக்தி ஏறத்தாழ 1 முதல் 2 வாட். நம் சைக்கிள் டைனமோ கொடுப்பது 3 வாட்! அதைவிடக் குறைந்த சக்தியைக் கொண்டு, நல்ல ஏரியலும் நல்ல வானிலையும் வாய்த்தபோது, கடல்கடந்து தொடர்புகொண்டிருக்கிறார்கள். ஆனால் அனுப்புவது தந்தி மட்டுமே. மைக் பூட்ட இடமே கிடையாது.

இங்கேதான் நம் பையனின் கேள்வி மறுபடியும் எழுகிறது. ‘இதுல பேச முடியுமா?’ ஈயம் பற்றவைத்துப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? பழைய தந்திக் கருவிகளைத் திறந்து, பேச வைக்கும் வேலையில் இறங்கினார்கள். பெசெண்டன் முதல் ஹைசிங் வரை உலகம் பல ஆண்டுகள் நடந்த வழியை, ஒருவர் தம் மேசைமேல் சில மாலைப் பொழுதுகளில் நடந்து பார்ப்பது போன்ற வேலை அது.

மோர்ஸ் சாவியை அழுத்திப் பிடித்தால் கருவி விடாமல் ஒரே அலையை அனுப்பும். அதுதான் பைப்பு ஒழுக்கு. இதை ஊர்தி அலை என்பார்கள். இனி, கடைசி டிரான்சிஸ்டருக்குப் போகும் 12 வோல்ட் கம்பியை வெட்டி, நடுவில் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரின் சுருளை இணைக்கிறார்கள். அதன் மறுபக்கச் சுருளில், மைக்கிலிருந்து வரும் குரலைப் பெரிதாக்கிக் கொடுக்கிறார்கள். குரல் ஏறும்போது 12 வோல்ட் 24 வரை ஏறும். இறங்கும்போது பூச்சியம் வரை இறங்கும். அலையின் உயரமும் அதற்கேற்ப மாறும். டிரான்சிஸ்டர் 3 வாட் மின்சாரம் எடுத்தால், குரல் பெருக்கி ஒன்றரை வாட் கொடுக்க வேண்டும். அது ஒரு சிறிய குரல் பெருக்கி செய்யக்கூடிய வேலைதான்.

எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் குரலுக்கு விலை உண்டு. தந்தியில் டிரான்சிஸ்டர் விட்டு விட்டு வேலை செய்யும், இடையில் ஆறும். பேச்சிலோ ஓய்வே இல்லை. இரட்டிப்பு வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டர் இல்லையென்றால் முதல் ‘ஹலோ’விலேயே போய்விடும். வெப்பத்தை வாங்கிக்கொள்ள அலுமினியத் தகடு பூட்ட வேண்டும். அளவுக்கு மீறிக் கத்தினால் அலை அறுந்து அறுந்து போய், பக்கத்து அலைகளில் பேசுவோர் காதிலெல்லாம் கரகரப்பாய் விழும். செய்திகளை வாங்கும் பகுதியிலும் தந்திக்கென்று வைத்த குறுகிய வடிகட்டியைத் தளர்த்தினால்தான் பேச்சு முழுதாய்க் காதில் விழும். வேலை முடிந்ததும் ஏரியலுக்குப் பதிலாக ஒரு மின்தடையைப் பூட்டித்தான் சோதிக்க வேண்டும். உரிமம் உள்ளவர், பேச்சுக்கென்று ஒதுக்கிய அலையில் மட்டுமே வானில் விடலாம்.

இவ்வளவும் செய்த பிறகு கணக்குப் பார்த்தால் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். ஊர்தி அலை 2 வாட் என்றால், குரல் முழுதாய் ஏறும்போது மொத்தம் 3 வாட் போகிறது. அதில் 2 வாட் வெறும் ஊர்தி. அதில் ஒரு சொல்கூட இல்லை. பேச்சு முழுவதும் இரண்டு பக்கமும் அரை அரை வாட்டில்தான் இருக்கிறது. அதுவும் இரண்டு பக்கமும் ஒரே பேச்சு! ஆளில்லாத லாரி ஒன்றைப் பெட்ரோல் போட்டு ஓட்டுவது போல. ஊர்தியையும் ஒரு பக்கத்தையும் விட்டுவிட்டு மறுபக்கத்தை மட்டும் அனுப்பினால் போதுமே என்று 1915இலேயே ஜான் கார்சன் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1927இல் நியூயார்க்கையும் லண்டனையும் இணைத்த வானொலித் தொலைபேசி இந்த ஒற்றைப் பக்க முறையில்தான் பேசியது. பின்னாளில் அமெச்சூர் வானொலியாளரும் இதற்கே மாறினார்கள். ஆனால் இந்த முறைக்குச் சிறு தந்திக் கருவியை மாற்றுவது இன்னும் கடினம். குரலின் நெளிவு சுளிவு கெடாமல் பெருக்குவதற்கு, அதன் கடைசி டிரான்சிஸ்டர் நிற்கும் நிலையையே மாற்றியமைக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டுப் பேசத்தான் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாளை நாம் மறக்கமாட்டோம். சுனாமி பினாங்கையும் கெடாவையும் தாக்கிய அந்த நாளில், அந்தமான் தீவுகள் பெருஞ்சேதம் அடைந்தன. தொலைபேசித் தொடர்பு அறுந்தது. அப்போது போர்ட் பிளேர் நகரில் அமெச்சூர் வானொலி நிலையம் நடத்த வந்திருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, தீவிலிருந்து வெளியுலகுக்குச் செய்திகளை அனுப்பினார். உறவினர் நிலை அறியாமல் தவித்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆபத்தில் இருப்பவருக்குப் புள்ளி கோடு கற்க நேரமில்லை. ஒரு மனிதக் குரல், ‘நலமாக இருக்கிறார்கள்’ என்று சொன்னால் போதும்.

2003இல் ஜெனிவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, சிற்றலையில் பேச விரும்பும் அமெச்சூர்கள் மோர்ஸ் கற்றே ஆகவேண்டும் என்ற உலக விதியை நீக்கியது. ஆனாலும் ஆசைக்காக மோர்ஸ் தட்டுவோர் இன்றும் இருக்கிறார்கள். மணியும் வேண்டும், வாயும் வேண்டும் என்பதே அவர்கள் சொல்லும் பாடம்.

தாய்மார்களே, தந்தையர்களே! உங்கள் வீட்டில் கெட்டுப்போன ரேடியோ இருக்கலாம். பிள்ளை அதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டால் திட்டாதீர்கள். வீட்டுச் சுவரிலிருந்து மின்சாரம் எடுக்கும் எதையும் தொட விடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. பேட்டரியில் ஓடும் பழைய பெட்டி என்றால், பேட்டரியை எடுத்துவிட்டு ஒரு திருப்புளியைக் கையில் கொடுங்கள். ஏழாம் வகுப்போடு நின்ற ஒருவரின் கார்க் கொட்டகையிலிருந்து ஒரு வானொலி நிலையம் பிறந்ததை இப்போது கேட்டோம் அல்லவா?

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ. அவன் மறுபடியும் வந்து கேட்டால், “முடியும் தம்பி. ஆனால் வேலை கொஞ்சம் இருக்கிறது, வா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்வோம். அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.